முன், நடு, பின்

எஞ்சின் கத்துகிறது, படகு கேட்கவில்லை.
இரண்டாயிரத்து நானூறு சுற்று என்கிறது முள்.
கரையில் அந்த மஞ்சள் வீடு
இருபது நிமிடமாக
அதே ஜன்னலைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

தால்காவே கால்வாயில் வற்றம் தொடங்கிவிட்டது.
தளத்தில் நாற்பது மூட்டை சிப்பி, மழை,
சுக்கான் பிடித்தபடி என் தம்பி டெல்ஃபின்,
மார்ச்சிலிருந்து என்னோடு பேசாதவன்.

படகை விற்கலாம் என்றான்.
உன் பாதியை எடுத்துக்கொண்டு போ,
ரம்பம் கொட்டகையில் இருக்கிறது என்றேன்.
அவ்வளவுதான் சண்டை.
அதற்கே ஏழு மாதம்.

மூடியைத் தூக்கி இறங்குகிறேன்.
விசிறியில் கயிறு சுற்றியிருந்தால்
எஞ்சின் திணறும்,
இப்படி உல்லாசமாகப் பாடாது.
கியர்பெட்டிக்குப் பின்னால் தண்டைப் பார்க்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை மாதிரித் திரும்புகிறது.
ஆக, பெட்டிக்குள் எங்கோ
பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை.

கை காட்டுகிறேன், அணைக்கிறான்.
சொல்லாமலே நங்கூரம் போடுகிறான்.

எண்ணெய்க் கம்பியை உருவி, துடைத்து,
மறுபடி விட்டு எடுக்கிறேன்.
அளவு சரி.
நிறம், மறந்துபோய் ஆறிய தேநீர்.
மூக்கருகே கொண்டுபோனால்
அடிப்பிடித்த பால்.
தட்டுகள் கொஞ்சம் கருகியிருக்கின்றன.
அந்தக் 'கொஞ்ச'த்துக்குள்
எத்தனை பெசோ என்று எனக்குத் தெரியும்:
பெட்டியை இறக்கி
புவெர்ட்டோ மான்ட்டுக்கு அனுப்ப வேண்டும்,
இணைப்பின் ஆறு போல்ட்டும்
துருவோடு கல்யாணம் ஆனவை.
விற்கலாம் என்றவன்
என் தலைக்கு மேலேதான் நிற்கிறான்.

கேபிள் நினைவுக்கு வந்தது பிறகுதான்.
கைப்பிடியை முன்னே தள்ளு என்று சைகை.
முழுக்கத் தள்ளுகிறான்.
கீழே, பெட்டியின் தோளிலிருக்கும் சின்ன நெம்பு
வருகிறது, வருகிறது, நிற்கிறது,
ஒரு பென்சில் தடிமன் மிச்சம் வைத்து.

கவ்வியின் திருகில் மரை தேய்ந்து
கேபிளின் உறை பின்னுக்கு நழுவுகிறது.
மேலே அவன் தள்ளுவதில் பாதி
இந்த நழுவலுக்கே சரியாகிவிடுகிறது.

கவ்வியை மாட்டியது நான்.
ஜனவரியில், இருட்டும் நேரத்தில்,
ஒரு சுற்று சிறிய திருகோடு,
இப்போதைக்கு என்று.

ஊசியைக் கழற்றிக் கேபிளை விடுவித்தேன்.
எஞ்சினைப் போடச் சொன்னேன்.
நெம்பை வெறுங்கையால்
கடைசி வரை அழுத்தினேன்.
ஒரு உதை.
படகின் முதுகெலும்பு வரை.
தண்டு இருக்குமிடம் தெரியாமல் மங்கியது.

அப்படியே போவதென்று ஆனது,
நான் எஞ்சினருகே பக்கவாட்டில் படுத்து,
அவன் மேலே.
இந்த இரைச்சலில் பேசினாலும் கேட்காது என்பது
இருவருக்கும் சௌகரியம்.

பூட்ஸ் குதிகாலால் ஒரு தட்டு. முன்.
இரண்டு தட்டு. நடு.
மூன்று, பின்.
எப்போது முடிவு செய்தோம் என்று தெரியாது.
கிஞ்சாவோ தீவின் முனை வரை ஒன்றுதான்.
முழங்கையை வெளியேற்றுக் குழாய் சுடுகிறது,
கை மாற்றுகிறேன்,
நெம்பு பின்வாங்கப் பார்க்கிறது,
இடுப்பைக் கொண்டு அணைக்கிறேன்.

பாதி வழியில் நான்கு தட்டு.
நான்குக்கு எங்களிடம் பொருள் இல்லை.
கல் தடுக்கியதா, காலா,
கடல்நாய் ஏதும் கண்டானா.
காத்திருந்தேன்.
மறுபடி வரவில்லை.
அழுத்தியபடியே இருந்தேன்.

அச்சாவோ துறையில் இரண்டு. பிறகு மூன்று,
நீளமாக.
டயர்கள் முனகும் சத்தம்.
மீண்டும் இரண்டு.

மேலே வந்தபோது
மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
கேபிள், என்றேன்.
கவ்வி. நான் மாட்டியது.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு.
மழை அவன் தொப்பியின் விளிம்பில் கூடி
ஒரு சொட்டாக நின்றது.

ஆறு மில்லிமீட்டர் போட்டிருக்கணும், என்றான்.

ஏழு மாதத்துக்குப் பிறகு
முதல் வாக்கியம்.
திருகு டப்பாவைத் தேடிப் போனேன்.
நான்கு என்றால் என்ன என்று
நான் கேட்கவில்லை.